மேட்டு ரோட்டுக்கு மின் சைக்கிள்: ஹப் மோட்டாரா, மிட் டிரைவா, உள் கியரா?

குன்னூர் பஸ் ஸ்டாண்டில் இருந்து பெட்ஃபோர்டு வரை ஒரு முறை சைக்கிளில் ஏறிவிட்டால் போதும், மலையூரில் சைக்கிள் ஓட்டுவது வேறு விஷயம் என்று தொடை சொல்லிவிடும். அதனால்தான் இங்கே மின் சைக்கிள் பற்றி விசாரிப்பவர்கள் அதிகம். போன மாதம் மட்டும் மூன்று பேர் என்னிடம் கேட்டார்கள். கோத்தகிரி பக்கத்தில் இருந்து தினமும் பள்ளிக்கூடத்துக்குப் போய்வரும் ஒரு அக்கா, காய்கறி மூட்டையோடு ஏறவேண்டிய ஒரு தம்பி, ஓய்வு பெற்ற ஒரு அண்ணன். மூன்று பேரும் கேட்டது ஒரே கேள்வி: "250 வாட் போதுமா, இல்லை 350 எடுக்கட்டுமா?"

வாட்டைக் கடைசியில் பார்க்கலாம், முதலில் கியரைப் பாருங்கள் என்றுதான் மூவருக்கும் சொன்னேன். பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். நான் முதலில் மாற்றியமைத்த வண்டி 26 அங்குலச் சக்கரம், பின்னால் 250 வாட் ஹப் மோட்டார் (சக்கரத்தின் நடுவிலேயே உட்காருகிற மோட்டார்), முன்னால் 42 பல் செயின்வீல் (பெடல் பக்கத்துப் பல்சக்கரம்), பின்னால் 14–28 ஃப்ரீவீல் (பின் பல்சக்கரக் கொத்து, மிகச் சிறியதில் 14 பல், மிகப் பெரியதில் 28). சமதளத்தில் தேன் மாதிரி ஓடியது. மூன்றாவது வாரம் கேரியரில் பத்து கிலோ அரிசியோடு ஏறினேன். நாலாவது வளைவில் வார்னிஷ் கருகுகிற வாடை வந்தது. இறங்கி ஹப்பைத் தொட்டால் கை வைக்க முடியவில்லை. வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்து கழற்றிப் பார்த்தால், உள்ளே இருந்த மூன்று நைலான் பல்சக்கரங்களில் ஒன்றின் பற்கள் மழுங்கி, விரலால் தடவினால் சோப்புக்கட்டி மாதிரி வழுவழுவென்று இருந்தது. மோட்டாரில் குறையில்லை. அந்த மேட்டுக்கு அந்த அமைப்பே பொருந்தாது, அவ்வளவுதான்.

## எதை வைத்து ஒப்பிடுவது?

முதலில் உங்கள் மேடு எவ்வளவு செங்குத்து என்று தெரிந்துகொள்ளுங்கள். போனில் மட்டம் பார்க்கிற செயலியைத் திறந்து ரோட்டில் வையுங்கள். 5.7 டிகிரி காட்டினால் அது நூற்றுக்குப் பத்து ஏற்றம், 8.5 டிகிரி என்றால் நூற்றுக்குப் பதினைந்து. கல்லாரில் இருந்து குன்னூருக்கு மலை ரயில் ஏறுகிற இடத்தில் ஏற்றம் ஏறக்குறைய 12 அடிக்கு 1 அடி, அதாவது நூற்றுக்கு எட்டு சொச்சம். அதற்கே இரும்புச் சக்கரம் தண்டவாளத்தை மட்டும் நம்பி ஏறுவதில்லை. நடுவே பல்வைத்த தண்டவாளம் போட்டு, எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறுகிறது. நம் தெருக்களில் பல அதைவிடச் செங்குத்தானவை.

அடுத்து எடை. ஆள் 75 கிலோ, வண்டியும் பையும் 25 கிலோ, மொத்தம் 100 என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்குப் பத்து ஏற்றத்தில், தரையோடு உராய்கிற இழப்பையும் சேர்த்து, இந்த வண்டியைப் பின்னுக்கு இழுக்கிற விசை சுமார் 107 நியூட்டன். இது எந்த மோட்டார் போட்டாலும் மாறாது. உங்கள் கையில் இருப்பது எவ்வளவு வேகத்தில் ஏறுகிறீர்கள் என்பது மட்டும்தான், அதைத் தீர்மானிப்பது கியர்.

சாதாரணமாகப் பெடல் மிதிக்கிறவர் நிமிடத்துக்கு 60 சுற்றுக்குக் கீழே போனால் முட்டி வலிக்க ஆரம்பிக்கும். அதனால் 60 சுற்றில் எந்தக் கியர் எவ்வளவு வேகம் தரும், அந்த வேகத்தில் ஏற எத்தனை வாட் வேண்டும் என்று கணக்குப் போட்டுவிடலாம் (சக்கரத்தின் சுற்றளவு 2.1 மீட்டர்):

| முன் பல் / பின் பல் | 60 சுற்றில் வேகம் | 10% ஏற்றத்துக்குத் தேவை |
|---|---|---|
| 44 / 18 (கியர் இல்லாத வண்டி) | 18.5 கி.மீ. | 550 வாட் |
| 42 / 28 | 11.3 கி.மீ. | 340 வாட் |
| 42 / 34 | 9.3 கி.மீ. | 280 வாட் |
| 34 / 34 | 7.6 கி.மீ. | 225 வாட் |
| 32 / 42 | 5.8 கி.மீ. | 170 வாட் |

உங்கள் கால் 100 வாட் தரும், மோட்டார் 250 தரும் என்றால் மொத்தம் 350. முதல் வரிசை வண்டியில் அது போதாது. வேகம் 12 கி.மீ.க்குக் கீழே இறங்கும், பெடல் 38 சுற்றுக்கு வரும், நீங்கள் எழுந்து நின்று மிதிப்பீர்கள். கடைசி வரிசையில் அதே கால், அதே மோட்டார், மூச்சு வாங்காமல் ஏறலாம். நூற்றுக்குப் பதினைந்து ஏற்றத்துக்கும் அந்தக் கியரில் 250 வாட் போதும். வாட்டைக் கூட்டாமலே ஏறுகிறோம் என்பதைப் பாருங்கள்.

இதோடு நான் பார்க்கிற மற்றவை: பாரத்தோடு இருக்கும்போது கியர் மாறுமா, செயின் எவ்வளவு நாள் வரும், மழையில் என்ன ஆகும், நம் ஊர்க் கடையில் பிரித்து மாட்டுவார்களா, பேட்டரி தீர்ந்தால் காலாலேயே வீடு வந்து சேர முடியுமா. கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. மலையில் அதுதான் முக்கியம்.

## பின் ஹப் மோட்டாரும் வெளிக் கியரும்

கடைகளில் கிடைக்கிற பெரும்பாலான வண்டிகள் இந்த வகைதான். மோட்டார் பின் சக்கரத்துக்குள்ளே உட்கார்ந்திருக்கும், செயினுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கால் மட்டும் 7 கியரைப் பயன்படுத்தும். மோட்டாருக்கு உள்ளே இருக்கிற ஒரே ஒரு நிலையான குறைப்புதான், பெரும்பாலும் ஐந்துக்கு ஒன்று, அதாவது மோட்டார் ஐந்து சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று.

இங்கேதான் சிக்கல். மோட்டார் எவ்வளவு சூடாகும் என்பதை அதில் ஓடுகிற மின்னோட்டம் தீர்மானிக்கிறது, மின்னோட்டத்தை அது கொடுக்கிற முறுக்கு விசை தீர்மானிக்கிறது. முறுக்கு விசையோ மேட்டையும் எடையையும் பொறுத்தது. அதனால் 20 கி.மீ. வேகத்தில் ஏறினாலும் 7 கி.மீ. வேகத்தில் ஏறினாலும் ஒவ்வொரு நொடியும் உருவாகிற சூடு ஏறக்குறைய ஒன்றுதான். மெதுவாக ஏறினால் மூன்று மடங்கு நேரம் சூடாகும், உள்ளே வருகிற காற்றும் கிடையாது. சமதளத்தில் முக்கால் பங்குக்கு மேல் வேலையாக மாற்றுகிற அதே மோட்டார், 7–8 கி.மீ.யில் மூச்சுத்திணறும்போது பேட்டரியில் பாதியைச் சூடாக்கி வெளியே விடும். நீங்கள் காலுக்காகக் கியரைக் குறைத்தால் மோட்டாருக்கு நிலைமை இன்னும் மோசம். இது பலருக்குப் புரியாத இடம். நானும் அரிசி மூட்டையோடு கியரைக் குறைத்துக் குறைத்துத்தான் அந்தப் பல்லை உருக்கினேன்.

ஆனால் இதை ஒதுக்கிவிடச் சொல்லமாட்டேன். செயின் அறுந்தாலும் மோட்டார் வீடு சேர்க்கும். செயின்மீது மோட்டாரின் பாரம் கிடையாது, அதனால் சாதாரண சைக்கிள் மாதிரியே தேயும். விலையும் குறைவு. மேடு குட்டையாக இருந்தால், அதாவது ஒரு நூறு இருநூறு மீட்டர் ஏறி, கொஞ்சம் சமமாக ஓடி, மறுபடி ஏறுகிற பாதை என்றால், சூடு ஆறிவிடும், பிரச்சினை இல்லை.

இதிலேயே ஒரு நல்ல வழி சின்னச் சக்கரம். 20 அங்குல மடக்குச் சைக்கிளில் இதே மோட்டாரைப் போட்டால், 26 அங்குலத்தைவிடத் தள்ளுவிசை சுமார் 1.3 மடங்கு. காலுக்கும் அதே அளவு கியர் குறைகிறது. ஓய்வு பெற்ற அண்ணனுக்கு இதைத்தான் சொன்னேன். குழி விழுந்த ரோட்டில் சின்னச் சக்கரம் இடுப்பை உலுக்கும், அதையும் சொல்லிவிட்டேன்.

மறைந்திருக்கும் செலவுகள்: பஞ்சர் ஒட்ட ஒயர் பிளக்கைக் கழற்றி, பெரிய நட்டைத் திருகி, சுழலாமல் பிடிக்கிற டார்க் ஆர்ம் பட்டையை எடுத்து, எல்லாவற்றையும் திரும்ப அதே இடத்தில் மாட்டவேண்டும். ஒரு மழை மாலையில் தெருவிளக்கு வெளிச்சத்தில் அதைச் செய்து பாருங்கள். நைலான் பல்சக்கரம் தனியாகக் கிடைக்குமா என்று வாங்கும்போதே கேளுங்கள். எனக்கு வாங்கிய இடத்தில் "தனியாக வராது, மோட்டாரையே மாற்றுங்கள்" என்றார்கள். ஸ்போக்ஸ் கம்பியும் அடிக்கடி தளரும்.

முன் சக்கரத்தில் ஹப் மோட்டார் போடுகிற கிட்டும் உண்டு. செங்குத்தான மேட்டில் உடல் எடை பின்னால் போய்விடும், முன் சக்கரம் ஈர இலைமேல் சும்மா சுற்றும். மலைக்கு வேண்டாம்.

## மிட் டிரைவும் வெளிக் கியரும்

மோட்டார் பெடல் அச்சில் இருக்கும். அதன் சக்தியும் உங்கள் காலின் சக்தியும் ஒரே செயின்வீலில் சேர்ந்து, ஒரே செயின் வழியாக, ஒரே கியர் வழியாகப் பின்னால் போகும். அதனால் நீங்கள் கியரைக் குறைக்கும்போது மோட்டாரும் தன் வசதியான சுற்றிலேயே ஓடிக்கொண்டிருக்கும். மேலே உள்ள அட்டவணையின் கடைசி வரிசை மோட்டாருக்கும் சேர்த்துக் கிடைக்கிறது. தொழிற்சாலையிலேயே செய்து வருகிற மலை மின் சைக்கிள்களில் பாஷ், ஷிமானோ மோட்டார்கள் இந்த இடத்தில்தான் இருக்கின்றன. பழைய சைக்கிளில் மாட்டுகிற கிட் என்றால் பஃபாங், டோங்ஷெங் என்று இரண்டு பெயர்கள் அதிகம் அடிபடும்.

பேட்டரிக் கணக்கில் இது தெளிவாகத் தெரியும். மேட்டுப்பாளையம் கடல்மட்டத்தில் இருந்து சுமார் 325 மீட்டர், குன்னூர் சுமார் 1,850. நூறு கிலோவை அந்த 1,500 மீட்டர் சொச்சம் தூக்கவே 400 வாட் அவருக்குமேல் வேண்டும். 36 வோல்ட், 7.8 ஆம்பியர் அவர் பேட்டரியில் இருப்பதோ 280தான். மோட்டார் அதில் முக்கால் பங்கை வேலையாக்கினால் தன் பங்குக்குச் சுமார் 770 மீட்டர் உயரம் தூக்கும், பாதியை மட்டும் வேலையாக்கினால் 515 மீட்டர். மிச்சம் உங்கள் கால். ஒரே பேட்டரியில் 250 மீட்டர் உயரம் வித்தியாசம் என்பது, அந்த மலை ரோட்டின் நடுவே பர்லியாறுக்கு மேலே நிற்கும்போதுதான் உறைக்கும்.

சரி, இதன் கெட்ட பக்கம் செயின். கிட்டோடு வருகிற செயின்வீல் பொதுவாக 42-இல் இருந்து 46 பல் வரை இருக்கும். அதை அப்படியே வைத்துக்கொண்டு, பின்னால் 14–28-ஐயும் வைத்துக்கொண்டு, மிட் டிரைவ் போட்டும் ஏறவில்லை என்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். முன்னால் 32 அல்லது 34, பின்னால் குறைந்தது 34 என்று மாற்றினால்தான் இந்த மோட்டார் வாங்கியதற்கு அர்த்தம். சில மோட்டார்களில் உடல் பெரிதாக இருப்பதால் சின்னச் செயின்வீல் உட்காராது, அடாப்டர் வாங்கவேண்டும்.

இன்னொரு நுணுக்கம். செயின்மீது விழுகிற இழுப்பை முன் பல் தீர்மானிக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். ஒரே மேட்டில் ஒரே எடைக்கு, அதைத் தீர்மானிப்பது பின் பல்தான். நாம் எடுத்துக்கொண்ட 10 சதவீத ஏற்றத்தில் பின்னால் 34 பல்லில் இருந்தால் செயின் இழுப்பு சுமார் 53 கிலோ, 18 பல்லில் இருந்தால் 100 கிலோ. அதனால் ஏறும்போது பெரிய பல்லிலேயே இருங்கள். ஆனால் பெரிய பல் சக்கரத்தின் உள்பக்கம் இருக்கிறது, கிட்டின் செயின்வீலோ வெளியே தள்ளி நிற்கிறது, செயின் சாய்வாக ஓடிப் பக்கவாட்டில் தேயும். உள்பக்கம் குழிந்த செயின்வீல் வாங்கினால் இது பெரும்பாலும் சரியாகும். இந்த ஒரு பொருளுக்குச் செலவழிக்கத் தயங்காதீர்கள்.

மலிவான வழி என்று 14–34 ஏழு கியர் ஃப்ரீவீலைப் போடுவார்கள். அதில் 24-க்கு அடுத்து நேராக 34. மேட்டின் நடுவில் அந்தத் தாவலைச் செய்யும்போது மோட்டார் தள்ளிக்கொண்டே இருந்தால் 'கடக்' என்று ஒரு சத்தம் வரும். அது செயினின் ஒரு கண்ணி வளைகிற சத்தம். கியர் மாற்றும் அந்த நொடியில் மோட்டாரை நிறுத்துகிற கியர் சென்சார் ஒன்று கேபிளில் மாட்டலாம், கட்டாயம் மாட்டுங்கள். இல்லாவிட்டால் வளைவுக்கு முன்னாலேயே கியரைக் குறைத்துவிடுகிற பழக்கம் வேண்டும். நடுவே பஸ் வந்து நிற்க நேர்ந்தால், பெரிய கியரில் மாட்டிக்கொண்டு கிளம்ப முடியாமல் நிற்பீர்கள்.

கிளம்புவதைப் பற்றிச் சொல்லும்போது, பெடல் சுழல்வதை மட்டும் உணர்கிற சென்சார் வேண்டாம். அது கொஞ்சம் சுற்றிய பிறகுதான் மோட்டாரைக் கிளப்பும், மேட்டில் அதற்குள் வண்டி பின்னால் உருளும். மிதிக்கிற அழுத்தத்தை உணர்கிற டார்க் சென்சார் கால் வைத்ததுமே தள்ளும்.

## உள் கியர் ஹப்

பழைய ஸ்டர்மி ஆர்ச்சர் மூன்று ஸ்பீட் சைக்கிள் ஞாபகம் இருக்கிறவர்களுக்கு இது புதிதல்ல. பல்சக்கரம் எல்லாம் பின் ஹப்புக்குள்ளே எண்ணெயிலோ கிரீஸிலோ, வெளியே ஒரே ஒரு பல்சக்கரம், ஒரே நேர்க்கோட்டில் செயின். இதை மிட் டிரைவோடு சேர்ப்பார்கள்.

மலையில் இதன் பெருமை ஒன்றுதான், ஆனால் பெரியது: நின்றபடியே கியர் மாற்றலாம். கொண்டை ஊசி வளைவில் லாரிக்கு ஒதுங்கி நின்றால், நின்ற இடத்திலேயே ஒன்றாம் கியருக்கு வந்து கிளம்பலாம். மழை, சேறு, தேயிலைத் தோட்டத்துச் செம்மண் எதுவும் உள்ளே போகாது.

ஷிமானோவின் 8 ஸ்பீட் உள் கியர் ஹப்பான நெக்ஸஸ் 8-இன் மிகக் குறைந்த கியர் 0.527, அதாவது பின் பல் ஒரு சுற்று சுற்றினால் சக்கரம் அரைச் சுற்றுக்குக் கொஞ்சம் மேல். முன்னால் 38, பின்னால் 22 போட்டால் 60 சுற்றில் சுமார் 7 கி.மீ. வேகம், மலைக்குத் தாராளம். மூன்று ஸ்பீட் நெக்ஸஸ் 3-இல் அதே பல்லோடு 9.6 கி.மீ.க்குக் கீழே வராது. முன்பல்லைச் சிறிதாக்கினால் இறங்கும்தான், மேல் கியர் போய்விடுமே என்று தயங்குவார்கள். மலையில் மேல் கியர் எதற்கு? இறங்கும்போது பெடலே மிதிக்கப் போவதில்லை. ஆனால் இங்கே வேறு ஆபத்து இருக்கிறது. முன்பல் சிறிதாகச் சிறிதாக ஹப்புக்குள் நுழைகிற முறுக்கு கூடும். இவ்வளவுக்குக் கீழே முன்–பின் விகிதம் போகக்கூடாது என்று ஹப் தயாரிப்பாளர்கள் எழுதியே கொடுத்திருக்கிறார்கள். அதை மீறி, பலமான மிட் டிரைவையும் போட்டால் உள்ளே பல் உடையும். ஜெர்மனியின் ரோலாஃப் 14 ஸ்பீட் ஹப் அந்தப் பாரத்தைத் தாங்கும், ஆனால் அதன் விலைக்கு நம் ஊரில் ஒரு நல்ல மின் சைக்கிளே வாங்கிவிடலாம்.

மறைந்திருக்கும் செலவு ரிப்பேர். வெளிக் கியர் கெட்டால் எந்தக் கடையிலும் ஒரு அண்ணன் ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்து சரிசெய்துவிடுவார். உள் கியர் கெட்டால் அவர் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்புவார். உள்ளே இருக்கும் அமைப்பை முழுதாக வரவழைத்து மாற்றவேண்டும்.

## மோட்டாரும் கியர்பாக்ஸும் ஒன்றாக

ஜெர்மனியின் பினியன் நிறுவனம் 2023-இல் மோட்டாரையும் 12 கியர் பெட்டியையும் ஒரே கூட்டுக்குள் வைத்து வெளியிட்டது. குறைந்த கியருக்கும் அதிகக் கியருக்கும் ஆறு மடங்கு இடைவெளி, நின்றபடியும் மாறும், செயினுக்குப் பதில் பெல்ட்டும் போடலாம். மேட்டு ரோட்டுக்கு வடிவமைப்பு என்று பார்த்தால் இதுதான் சரியான பதில். ஆனால் இதற்கென்றே செய்த ஃபிரேம் வேண்டும், அந்த வண்டிகள் பல லட்சம் ரூபாய். வேறு மாதிரிகள் மலிவாக வரும்வரை இதை ஆசையோடு பார்க்கலாம்.

## யாருக்கு எது

கோத்தகிரி அக்காவுக்குத் தினமும் ஆறு கி.மீ., இடையில் நீளமான ஒரே ஒரு மேடு. மிட் டிரைவ், டார்க் சென்சார், முன்னால் 34, பின்னால் 11–42 கேசட் (ஃப்ரீவீல் மாதிரியே பின் பல்சக்கரக் கொத்து). 8 அல்லது 9 கியர் கேசட், கூடவே நீளமான கூண்டு வைத்த டீரெய்லர் (செயினை ஒரு பல்சக்கரத்தில் இருந்து இன்னொன்றுக்குத் தள்ளுகிற கருவி). செயின் தேய்வு பார்க்கிற சின்ன அளவுகோல் ஒன்றை வாங்கச் சொன்னேன். அது தேய்ந்துவிட்டது என்று காட்டியதும் செயினை மாற்றினால் கேசட் தப்பிக்கும். விட்டால் இரண்டும் சேர்ந்து போகும், செலவு மூன்று நான்கு மடங்கு.

காய்கறித் தம்பிக்குச் சுமையோடு ஆளும் வண்டியும் 140 கிலோ வரும், வீட்டுக்கு வீடு நிற்கவேண்டும். அவருக்கு மிட் டிரைவும் 8 ஸ்பீட் உள் கியரும் சொல்ல மனசு வந்தது, ஆனால் அந்த எடைக்கு ஹப் எத்தனை நாள் தாங்கும் என்று தைரியம் வரவில்லை. அக்காவுடைய அமைப்பையே, முன்னால் 32 வைத்து, கியர் சென்சாரோடு எடுக்கச் சொன்னேன். அவர் 750 வாட் கிட் கேட்டார். தொடர்ந்து 30 நிமிடம் தரும் சக்தி 250 வாட்டுக்குக் கீழும், வேகம் 25 கி.மீ.க்குக் கீழும் இருந்தால்தான் நம் சட்டத்தில் பதிவும் லைசென்ஸும் வேண்டாம். அதைத் தாண்டினால் அது மோட்டார் வாகனம். விபத்து என்று ஒன்று நடந்தால் அந்த வித்தியாசம் பெரியதாகிவிடும், அதனால் பிடிவாதமாக வேண்டாம் என்றேன்.

இறங்குவதையும் இதே பணத்துக்குள் கணக்குப் பண்ணுங்கள். ஹப் ஆனாலும் மிட் டிரைவ் ஆனாலும், இந்த வகை மோட்டார்கள் இறக்கத்தில் வண்டியைப் பிடிப்பதில்லை. ஏறும்போது சேர்த்த சக்தியில் பெரும்பகுதி பிரேக் பேடில்தான் கரையவேண்டும். இரண்டு சக்கரத்துக்கும் டிஸ்க், கையில் எப்போதும் ஒரு ஜோடி உபரி பேட்.

பணம் கொடுக்கும் முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் பாதையில் இருக்கிற மிகச் செங்குத்தான இடத்துக்கு வண்டியைக் கொண்டுபோய், பாதி மேட்டில் நிறுத்துங்கள். மோட்டாரோடு கிளம்பிப் பாருங்கள். அப்புறம் சுவிட்சை அணைத்துவிட்டு, மிகக் குறைந்த கியரில் காலால் மட்டும் இருபது மீட்டர் ஏறிப் பாருங்கள். ஏற முடிந்தால் அந்த வண்டியை எடுத்துக்கொள்ளலாம்.